தலையாய விமானம் எது?

மனிதன் பொறியின் துணைகொண்டு வானத்திற் பறக்கத் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இக்காலத்துள் எண்ணிறந்த வகை விமானங்கள் தோன்றின, மறைந்தன. அவற்றுள் பிறவற்றையெல்லாம் தன் வழிப்படுத்திய தலையாய விமானம் எது என்னும் வினா, அத்துறை அறிஞரிடையே நெடுநாளாக வழக்காடப்பட்டு வருகின்றது. ரைட் உடன்பிறந்தார் பறக்கவிட்டதே அது என்பர் ஒரு சாரார். அமெரிக்கரின் டீ.சி.-3 என்னும் விமானமே என்பர் மற்றொரு சாரார். போயிங் 707 என்பாரும், 747 என்பாரும் உளர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அது முடியாமைக்குக் காரணம் விமானங்களிடத்தில் இல்லை. நாம் ஆளும் சொல்லிடத்தில் உள்ளது. முந்தியது வேறு, விரைந்தது வேறு, புகழ் பெற்றது வேறு, பிறவற்றை மாற்றியது வேறு. கன்கார்டு என்னும் விமானத்தை எண்ணிப் பாருங்கள். ஒலியினும் இருமடங்கு விரைவுடன் அது 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிப் பறந்தது. இலண்டன் மாநகரில் ஏறியவர் மூன்றரை மணி நேரத்தில் நியூயார்க்கில் இறங்கினர். அழகிலும் அதற்கு இணை கூறுவது அரிது. ஆயினும் பயணிகள் பணியில் ஓடியவை பதினான்கே. அதனைப் பின்பற்றி அதுபோல் மற்றொன்றைக் கட்டி ஓட்டியவர் பின்னர் எவரும் இலர். மக்கட்பேறின்றி மறைந்த மன்னனைப்போல அது தன் புகழோடு தனித்து நின்றுவிட்டது.

நம் முன்னோர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர். ஒரு நூலின் பெருமையை அந்நூலிடத்து மட்டும் காணாது, அதன் வழித்தோன்றிய நூல்களிடத்தும் காண்பது அவர்தம் மரபு. விமானங்களையும் இவ்வாறே நோக்குதல் தகும். ஒன்று எத்துணைத் தொலைவு பறந்தது என்று கேளாமல், அது பறந்த பின்னர்ப் பிறர் கட்டிய விமானங்கள் எவ்வாறு மாறின என்று கேட்போம். தமிழாசிரியன் பொறிநூல் வழக்கிற் புகுவது தகுமோ என எண்ணுவார் எண்ணுக. சொல்லின் பொருளை வரையறுத்த பின்னரே வழக்குத் தொடங்குதல் வேண்டும் என்பது எத்துறைக்கும் பொதுவான நெறியாகும்.

ரைட் உடன்பிறந்தாரின் விமானத்தை முதற்கண் ஆராய்வோம். வில்பர், ஆர்வில் என்னும் அவ்விருவரும் அமெரிக்க நாட்டு ஒகையோ மாகாணத்தில், டேடன் என்னும் நகரில் மிதிவண்டி செய்து விற்றுவந்தனர். அவர்களுக்கு முன் விமானம் இயற்ற முயன்றோர் பலரும், 'மேலெழும்புவது எவ்வாறு?' என்பதையே பெருவினாவாகக் கொண்டனர். செருமானியராகிய ஆட்டோ லிலியந்தால் என்பவர் பொறியில்லாத கிளைடர்களில் பன்முறை பறந்து காட்டியவர். தம் உடலை இப்படியும் அப்படியும் சாய்த்தே அவர் அதனை நிலைப்படுத்துவார். 1896-ஆம் ஆண்டில் காற்றின் வீச்சால் நிலைகுலைந்து வீழ்ந்து உயிர் துறந்தார். இச்செய்தி ரைட் உடன்பிறந்தாரின் உள்ளத்தைத் தொட்டது. எழும்புவதினும் நிலைத்து நிற்பதே அரிது என்பதை அவர்கள் உணர்ந்தனர். இதனை அவர்கள் எளிதில் உணர்ந்தமைக்கு அவர்தம் தொழிலே காரணம் என்று யான் கருதுகிறேன். மிதிவண்டி தானாக நில்லாது; அதனைச் செலுத்துவோனே நொடிதோறும் அதனை நிறுத்துகிறான் அன்றோ?

வானத்தில் விமானம் மூன்று வகையாகத் திரும்பக்கூடும். மூக்கு மேலும் கீழும் அசையலாம். இடமும் வலமும் திரும்பலாம். ஓர் இறக்கை தாழ மற்றோர் இறக்கை உயர, பக்கவாட்டிற் சாயலாம். மூன்றையும் செலுத்துவோன் தன் கைவசப்படுத்தினாலன்றிப் பறத்தல் என்பது வீழ்தலாகவே முடியும். ரைட் உடன்பிறந்தார் முன்புறத்தில் ஏற்றத் தட்டையும், பின்புறத்தில் சுக்கானையும் அமைத்தனர். இறக்கைகளின் நுனியைக் கம்பிகளால் முறுக்கிச் சாய்வை அடக்கினர். ஒரு சிறு காற்றுச் சுரங்கம் அமைத்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களை அதனுள் வைத்துச் சோதித்தனர். 1902-ஆம் ஆண்டில் பொறியில்லாத கிளைடரிலேயே இம்மூன்றினையும் அடக்கும் திறம் கைவந்துவிட்டது. பொறி பின்னரே வந்தது.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், வட கரோலினாக் கடற்கரை மணல்வெளியில், பன்னிரண்டு குதிரை வலிமையுள்ள எஞ்சினோடு அவ்விமானம் நான்குமுறை பறந்தது. முதன்முறை 12 விநாடி, 120 அடி. நான்காம் முறை 59 விநாடி, 852 அடி. அதன்பின் நின்றிருந்த விமானத்தைப் பெருங்காற்று ஒன்று புரட்டி நொறுக்கிற்று. அவ்விமானம் மீண்டும் ஒருநாளும் பறந்ததில்லை.

இவ்விமானத்தின் உருவத்தைப் பின்வந்தோர் ஏற்றுக்கொண்டனரா? இல்லை. முன்புறத்து ஏற்றத் தட்டு வாலுக்குச் சென்றுவிட்டது. இறக்கைக்குப் பின்னாற் சங்கிலியால் சுழன்ற இரு விசிறிகள் முன்னே வந்தன. குப்புறப் படுத்துச் செலுத்தியவன் எழுந்து அமர்ந்தான். முறுக்கும் இறக்கைக்கு மாறாகக் கீல் வைத்த சிறு தட்டுகள் தோன்றின. உரு முழுவதும் அழிந்தது. மூவகைத் திருப்பத்தையும் அடக்கும் கொள்கை என்னும் உயிர் மட்டும் அழியவில்லை. நேற்றுக் கட்டிய விமானத்திலும் அவ்வுயிர் உள்ளது.

ஆயின், அக்கொள்கையை உலகிற்குக் கற்பித்தது 1903-ஆம் ஆண்டு விமானமன்று என்பதையும் நோக்குதல் வேண்டும். கண்டவர் அதனைக் கவர்ந்துகொள்வரோ என அஞ்சி, அவ்வுடன்பிறந்தார் சில ஆண்டுகள் தம் கலையைப் பலரறியக் காட்டாதிருந்தனர். 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் பிரான்சு நாட்டு லெமான் நகருக்கு அருகில் வில்பர் ரைட் தம் புதிய விமானத்தைச் செலுத்திக் காட்டிய பின்னரே ஐரோப்பியர் கண் திறந்தனர். அங்கிருந்து கண்டவருள் ஒருவர் லூயி பிளேரியோ. மறு ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் தம் ஒற்றையிறக்கை விமானத்தில் ஏறத்தாழ 37 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர் அவரே. முன்னே எஞ்சின், பின்னே வால், நடுவே செலுத்துவோன் என்னும் அவர்தம் அமைப்பு நெடுங்காலம் நிலைத்தது. (இந்தியாவில் விமானப் போக்குவரத்தைத் தொடங்கிய ஜே. ஆர். டி. டாட்டா இளமையில் பிரான்சு நாட்டுக் கடற்கரையில் இப்பிளேரியோவின் வீட்டிற்கு அண்மையில் வாழ்ந்தவர். விமான ஆசை அங்கேயே அவருள்ளத்தில் வேர்கொண்டது.) ஆதலின், ரைட் விமானத்தைத் தந்தை எனலாம். தந்தையின்றி மகன் இல்லை. எனினும், மகனுக்கு ஊட்டி வளர்த்தவள் ஒருத்தி உண்டு. கற்பித்தவன் ஒருவன் உண்டு.

ஊட்டி வளர்த்தது டீ.சி.-3. அதன் பிறப்பு ஒரு மறுப்பினால் விளைந்தது. 1933-ஆம் ஆண்டில் போயிங் கம்பெனியார் 247 என்னும் பெயருடைய, முழுதும் உலோகத்தாலான விமானம் ஒன்றைச் செய்தனர். அவற்றுள் முதல் அறுபதும் ஒரு நிறுவனத்திற்கே உரியன என்று ஒப்பந்தமாயிற்று. போட்டி நிறுவனத்தார் காத்திருக்க மனமின்றி, டக்ளஸ் கம்பெனியாரிடம் சென்றனர். டக்ளஸ் முதலில் டீ.சி.-1-உம், பின்னர் டீ.சி.-2-உம் கட்டினார். படுத்துறங்கிச் செல்லத்தக்க அகன்ற விமானம் வேண்டும் என மற்றொரு நிறுவனத்தின் தலைவர் வற்புறுத்தவே டீ.சி.-3 தோன்றிற்று. அது முதன்முதற் பறந்தது 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 17. ரைட் உடன்பிறந்தார் பறந்த அதே நாள்!

அதற்குமுன் அமெரிக்க விமான நிறுவனங்கள், அரசாங்கம் அஞ்சல் மூட்டைகளுக்குத் தரும் கூலியைக் கொண்டே உயிர் வாழ்ந்தன. பயணியர் கட்டணம் எஞ்சின் எண்ணெய்க்கும் போதாது. டீ.சி.-3-இல் 21 பேர் அமர்ந்து செல்லலாம். பழுது பார்ப்பதும் எளிது. பயணியர் தரும் கட்டணத்தாலேயே ஊதியம் ஈட்டத்தக்க விமானம் என அது பெயர் பெற்றது. இரண்டாம் உலகப்போரில் அதன் படைவடிவம் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட அளவிற் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் அவை மலிந்த விலைக்கு விற்கப்பட்டு உலகெங்கும் பரவின.

நம் நாட்டில் அதனை 'டக்கோட்டா' என்றழைத்தனர். 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் காசுமீரத்தைக் காக்கப் படைவீரரைத் தில்லியிலிருந்து சீநகருக்குச் சுமந்து சென்றவை டக்கோட்டாக்களே. 1949-ஆம் ஆண்டில் இரவு விமான அஞ்சல் தொடங்கிற்று. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் ஒன்றுகூடித் தம்முள் அஞ்சல் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் தத்தம் ஊர்க்குத் திரும்பின. மாலையிற் சென்னையில் இட்ட கடிதம் மறுநாள் தில்லியிற் கிடைத்தது. இவ்வருஞ்செயலுக்கும் முதலிற் கைகொடுத்தது டக்கோட்டாவே.

எனினும் டக்கோட்டாவிற்கு ஓர் எல்லை உண்டு. அதன் உடல் காற்றழுத்தம் நிரப்பப்பட்டதன்று. மிக உயரத்திற் காற்று மெலிந்திருக்குமாதலின் பயணியர் மூச்சுத் திணறுவர். ஆகவே அது மேகங்களுக்குக் கீழும் ஊடும் குலுங்கிக் குலுங்கியே செல்ல வேண்டும். மேகமண்டலத்திற்கு மேலே, காற்று மெலிந்த அமைதியான உயரத்திற் பறக்கவேண்டுமாயின், விமானத்தின் உடலை மூடிக் காற்றை உள்ளே அடைத்தல் வேண்டும். டக்கோட்டாவிற்குப் பின் வந்த சில விமானங்கள் இதனை ஓரளவு செய்தன. துணிந்து முற்றச் செய்தது ஆங்கிலேயரின் காமெட். யான் தலையாயது என்று கூறப்போவதும் இதனையே.

டி ஹாவிலண்டு கம்பெனியார் கட்டிய காமெட், 1949-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் முதன்முதற் பறந்தது. 1952-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜோகானஸ்பர்க்குக்குப் பயணியரை ஏற்றிச் சென்றது. உலகில் ஜெட் விமானத்தில் மக்கள் கட்டணம் கொடுத்துப் பயணம் செய்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டிலேயே கொழும்பிற்கும் சிங்கப்பூருக்கும் அது வரலாயிற்று. அதன் நான்கு ஜெட் எஞ்சின்களும் இறக்கையின் அடிப்புறத்துள்ளே புதைந்திருந்தன. விசிறியின் அதிர்ச்சி இல்லை, இரைச்சல் குறைவு. 35,000 அடிக்கு மேல், மணிக்கு ஏறத்தாழ 450 மைல் விரைவில் அது சென்றது. மேசைமேல் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து மகிழ்ந்தனராம் பயணியர். பிற நாட்டார் வியந்தும் அஞ்சியும் நோக்கினர்.

1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு காமெட், உரோமாபுரியினின்று மேலெழுந்து இருபது நிமிடம் கழிந்தபோது, எல்பாத் தீவிற்கு அண்மையிற் சிதறிக் கடலில் வீழ்ந்தது. முப்பத்தைவர் மாண்டனர். வானிலை மோசமாக இல்லை. அபாயச் செய்தி எதுவும் வரவில்லை. காமெட்டுகள் நிறுத்தப்பட்டன. காரணம் புலப்படாமையால், எவை எவை காரணமாகலாம் என ஐயுற்றனரோ அவற்றையெல்லாம் திருத்தினர். எஞ்சின் வெடித்திருக்கலாம், தீப்பற்றியிருக்கலாம், அவற்றிற்குக் காப்புகள் செய்தனர். மார்ச்சு 23-ஆம் நாள் மீண்டும் பறக்க இசைவளித்தனர். பதினாறு நாட்கள் சென்றன. ஏப்ரல் 8-ஆம் நாள் உரோமாபுரியினின்று கெய்ரோவிற்குச் சென்ற மற்றொரு காமெட், நேப்பிள்சு நகருக்குத் தெற்கே அவ்வாறே சிதறிற்று. அதில் இருந்த இருபத்தொருவரும் மாண்டனர். நோயின் மூலம் அறியாது மருந்தூட்டிய பிழைக்கு இருபத்தோர் உயிர் விலையாயின என்பதை எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

இம்முறை காமெட்டின் பறக்கும் தகுதிச் சான்று மீட்டுக்கொள்ளப்பட்டது. ஃபார்ன்பரோ என்னும் ஊரில் இருந்த அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தாரிடம், அதன் தலைவர் ஆர்னால்டு ஹாலின் பொறுப்பில், காரணம் காணும் பணி ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்தவையே விமான வரலாற்றைத் திருப்பிவிட்டன.

எல்பாக் கடலின் ஆழத்திற் கிடந்த துண்டுகளைக் கடற்படையினர் தேடினர். நீருக்கடியில் டெலிவிஷன் காமிராவை இறக்கிப் பார்த்து, துண்டு துண்டாக மேலே எடுத்தனர். மரச்சட்டங்களால் விமானத்தின் எலும்புக்கூடு போன்றதொன்றை அமைத்து, ஒவ்வொரு துண்டையும் அது இருந்த இடத்திற் பொருத்தினர். ஓலைச்சுவடியிற் சிதைந்த ஏடுகளை நிரல்பட அடுக்கிப் பாடம் காண்பாரைப்போல அவர்கள் உழைத்தனர் எனலாம். மீனவர் மீட்ட உடல்களை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர், அவர்தம் நுரையீரல்கள் உள்ளிருந்தே வெடித்திருத்தலைக் கண்டனர். தீயால் இறந்தாரல்லர், சுற்றியிருந்த காற்று ஒரு நொடியில் வெளியேறியமையால் இறந்தனர் என்பது தெளிவாயிற்று.

உடல் வெடித்தது ஏன்? ஒரு கம்பியை வளைத்தால் ஒடிவதில்லை. முன்னும் பின்னும் பன்முறை வளைத்தாலோ அது ஒடிந்துவிடும். ஒருமுறை தாங்கும் சுமையைப் பலமுறை தாங்க உலோகத்தால் இயலாது; அது சோர்ந்து போகும். இதனை 'உலோகச் சோர்வு' என்பர். இரயில் வண்டியின் அச்சுகள் இவ்வாறு முறிவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பொறிநூலார் அறிந்திருந்தனர். காமெட் மேலே ஏறும்போதெல்லாம் வெளிக்காற்று மெலிய, உள்ளே அடைத்த காற்று அதன் உடலைச் சதுர அங்குலம் ஒன்றிற்கு எட்டேகால் பவுண்டு வீதம் புறந்தள்ளியது. இறங்கும்போது அவ்வழுத்தம் நீங்கியது. ஒவ்வொரு பயணமும் விமானம் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவது போன்றது. கம்பியை ஒருமுறை வளைப்பதும் அதுவே.

இதனைச் சோதிக்க ஒரு முழுக் காமெட்டையே ஆராய்ச்சியாளர் பலி கொடுத்தனர். அதன் உடலை ஒரு பெருந்தொட்டியில் நீரில் அமிழ்த்தினர். உடலினுள்ளும் நீரை நிரப்பி, பம்பு கொண்டு அழுத்தம் ஏற்றியும் இறக்கியும், இறக்கைகளைப் பறப்பின் போது அசைவது போல் அசைத்தும், பறவாமலே பறக்கச் செய்தனர். காற்றை நிரப்பாமல் நீரை நிரப்பியது ஏன் எனின், அடக்கப்பட்ட காற்று வெடிகுண்டு போன்றது. உடல் சிறிது பிளந்தாலும் அனைத்தும் சிதறிவிடும். பிளவு எங்கே தொடங்கிற்று என்பது தெரியாமற் போகும். நீரோ அழுத்தத்தாற் சுருங்குவது மிகச் சிறிது. பிளந்த இடம் பிளந்தபடியே நிற்கும். இரவும் பகலும் இச்சோதனை நடந்தது. 1954-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், உண்மையிற் பறந்தவற்றையும் தொட்டியிற் பறந்தவற்றையும் கூட்ட ஏறத்தாழ 3,000 பயணம் ஆனபோது, ஒரு திறப்பின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. எல்பாவில் வீழ்ந்தது 1,290 பயணமும், நேப்பிள்சில் வீழ்ந்தது 900 பயணமுமே கண்டவை.

கம்பெனியார் சோதியாமல் விட்டனரோ என நீங்கள் வினவலாம். அவர்களும் சோதித்தனர், அச்சோதனையில் உடற்பகுதி பதினாறாயிரம் முறைக்கு மேல் தாங்கிற்று. ஆனால் அப்பகுதியை வேறொரு சோதனைக்காக முன்னமே இருமடங்கு அழுத்தத்திற்கு உட்படுத்தியிருந்தனர். அவ்வழுத்தத்தால் மூலைகளில் உலோகம் சிறிது நீண்டு இசைந்துகொடுத்து, இயல்பினும் நெடிய ஆயுளைப் பெற்றுவிட்டது. மிகக் கடுமையாகச் சோதித்ததே சோதனையைப் பொய்யாக்கிற்று! நேர்மையுள்ள அறிஞரும் இவ்வாறு ஏமாறக்கூடும் என்பது இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதியாகும்.

காமெட்டின் சாளரங்கள் சதுரமாக இருந்தமையே கேட்டிற்குக் காரணம் என்று பலரும் கூறுவர். இது முழு உண்மையன்று. எல்பாவில் வீழ்ந்த விமானத்தின் பிளவு, பயணியர் நோக்கும் சாளரத்தில் தொடங்கவில்லை. வானொலி உணர்கொம்புக்காகக் கூரையிற் செய்த திறப்பின் மூலையில், ஓர் ஆணித்துளையருகே தொடங்கிற்று. மூலைகளில் அழுத்தம் கணக்கிட்டதைவிட மிக்குக் குவிந்தது என்பதே பொது உண்மை.

இனி, நாம் முதலிற் கொண்ட அளவுகோலை எடுத்துக்கொள்வோம். காமெட்டின் உருவத்தைப் பின்வந்தோர் பின்பற்றினரா? பெரும்பாலும் இல்லை. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் கீழே எஞ்சின்களைத் தொங்கவிடும் இன்றைய உருவம், போயிங் கம்பெனியாரின் பீ-47 என்னும் குண்டுவீச்சு விமானத்தின் வழி வந்தது. (அது முதன்முதற் பறந்ததும் 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 17! இந்நாளின் மேல் விமானங்களுக்கு என்ன காதலோ.) விற்பனையிலும் காமெட் தோற்றது. திருத்தியமைத்த நான்காம் காமெட், 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அட்லாண்டிக் கடலைக் கடந்து, ஜெட் விமானத்தில் அவ்வழியே பயணியரைக் கொண்டுசென்ற முதற்பெயரைப் பெற்றது. இருபத்திரண்டு நாட்களில் போயிங் 707 அதனைத் தொடர்ந்து வந்தது, அதனைவிடப் பெரிது, அதனைவிடத் தொலைவு செல்லவல்லது. காமெட் எல்லா வகையும் சேர்ந்து 114 மட்டுமே கட்டப்பட்டது.

தோற்றதைத் தலையாயது என்றல் முறையோ? மாணவர்களே, இங்குதான் வழக்கின் உயிர்நிலை உள்ளது. விசாரணை மன்றம் 1954-ஆம் ஆண்டு இறுதியில் பொதுமக்கள் அறியக் கூடிற்று. அதன் அறிக்கை மறு ஆண்டு வெளியிடப்பட்டது. ஆங்கிலேயர் தம் தோல்வியின் முழுக் கணக்கையும் தம் போட்டியாளர் கையிற் கொடுத்தனர். அதன்பின் கட்டப்பட்ட ஒவ்வொரு பெரிய பயணி விமானமும் காமெட்டிடம் பாடம் கேட்டதே ஆகும். புதிய விமானம் ஒன்றின் முழு உடலையும் தரையில் நிறுத்தி, ஆயிரமாயிரம் பயணங்களின் அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தல் வழக்கமாயிற்று. விரிசல் தோன்றவே தோன்றாது என்று நம்பாமல், தோன்றினாலும் பரவாதிருக்க உடலில் இடையிடையே கட்டுப்பட்டைகள் வைக்கும் முறை வலுப்பெற்றது. போயிங் கம்பெனியார், காற்றழுத்தம் நிரப்பிய உடலின் மேல் கூரிய இரும்பு அலகுகளை வீழ்த்திக் கிழித்து, கிழிசல் ஓரளவில் நின்றுவிடுவதைப் படம் பிடித்துக் காட்டினர். சிதறிய விமானத்தைத் துண்டு துண்டாக அடுக்கிக் காரணம் காணும் முறை உலகெங்கும் பரவிற்று.

ரைட் விமானத்தின் கொள்கையைப் பிறர் சில ஆண்டு பிந்தியேனும் கண்டிருக்கக்கூடும். பிளேரியோ போன்றோர் அவ்வாயிலின் அருகே நின்றனர். டக்கோட்டா இல்லையெனினும் போயிங் 247-இன் வழியில் ஏதேனும் ஒன்று அப்பணியைச் செய்திருக்கும். காமெட்டின் பாடத்தையும் வேறொரு விமானம் கற்பித்திருக்கலாம் என எதிர்வழக்காடுவோர் கூறுவர். கற்பித்திருக்கலாம், ஆனால் அது நூறு பேர் அமர்ந்த விமானமாக இருந்திருக்கும், அதன் துண்டுகள் தேடியெடுக்க இயலாத ஆழ்கடலில் வீழ்ந்திருக்கும், அப்போது எத்தனை உயிர்கள் சென்ற பின் உண்மை புலப்பட்டிருக்குமோ? இதனாலேயே யான் காமெட்டின் பக்கம் நிற்கிறேன். டக்கோட்டாவின் பக்கம் நிற்பாரோடு எனக்குப் பகையில்லை.

இப்பாடமும் ஒருமுறை படித்து மூடிவைக்கத்தக்கதாக அமையவில்லை. 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளுக்கிடையே 24,000 அடி உயரத்திற் பறந்த போயிங் 737 ஒன்றின் கூரை, ஏறத்தாழ 18 அடி நீளத்திற்குப் பெயர்ந்து பறந்துவிட்டது. அது ஏறத்தாழ 90,000 பயணம் கண்ட பழைய விமானம். கட்டுப்பட்டைகள் ஒரு விரிசலைத் தடுக்கவல்லன. ஒரு வரிசை ஆணித்துளைகள் அனைத்திலும் ஒருங்கே தோன்றிய சிறுவிரிசல்களைத் தடுக்கவல்லன அல்ல. பணிப்பெண் ஒருவர் காற்றில் ஈர்க்கப்பட்டு மறைந்தார். திறந்த வானத்தின் கீழ் அமர்ந்தபடியே ஏனைய 94 பேரும் மவுயித் தீவில் உயிரோடு இறங்கினர். முதிர்ந்த விமானங்களை எவ்வாறு ஆராய்வது என்னும் புதிய அதிகாரம் அன்று எழுதத் தொடங்கப்பட்டது.

இலண்டன் நகரில் உள்ள அறிவியல் காட்சிச்சாலையில், 1928 முதல் 1948 வரை ரைட் உடன்பிறந்தாரின் 1903-ஆம் ஆண்டு விமானம் வைக்கப்பட்டிருந்தது. பின்னர் அஃது அமெரிக்காவிற்கு மீண்டு, அங்கும் ஒரு டிசம்பர் 17-ஆம் நாளன்றே காட்சிக்கு வைக்கப்பட்டது. அவ்விலண்டன் காட்சிச்சாலை இப்போது வைத்துள்ள பொருள்களுள், கிழிந்த விளிம்புகளையுடைய அலுமினியத் துண்டு ஒன்று உண்டு. கூரைத் திறப்புகளோடு கூடிய அத்துண்டு, எல்பாக் கடலின் அடியிலிருந்து எடுத்த காமெட்டின் கூரை.